வேரைப் பார்க்காமல் போன ஏழு மாதம்

செடி வளர்க்க முப்பது பை, பதினான்கு வகை விதை, எல்லாம் ஒரே வாரத்தில். வீட்டுத் தோட்டத்தை நான் இப்படித்தான் தொடங்கினேன். ஏழு மாதம் கழித்து கைக்கு வந்தது இரண்டு முறை பறித்த கீரையும் ஒரு பிடி வெண்டைக்காயும் மட்டும். செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் பயன்படாத பைகளிலும், முளைக்காத விதைகளிலும், தேவையே இல்லாத மருந்துகளிலும் போயிற்று. பணத்தைவிட அந்த ஏழு மாதம்தான் அதிகம் வலித்தது. தினமும் காலையில் செடியைப் பார்க்கப் போகும்போதே இன்றைக்கு எது வாடியிருக்குமோ என்ற பயத்தோடு போவது எவ்வளவு சோர்வான வேலை என்று பட்டவர்களுக்குத் தெரியும். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால், எது எந்த வரிசையில் கெட்டதோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் தவறு பை வாங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. வெயிலை அளக்கவில்லை. "நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்பதும் "நேரடி வெயில் விழுகிறது" என்பதும் ஒன்றல்ல. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடி வகைகள் என்று காய்க்கிற செடி எதுவானாலும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். அளப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து வரை, மணிக்கு ஒரு முறை, நிழல் விழும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு வையுங்கள். மாலையில் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் கிடைத்தது என்று கோடுகளே காட்டிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே பாதையில் போவதில்லை. இன்று வெயில் விழுகிற சுவரோரம் நான்கு மாதம் கழித்து முழு நிழலாகிவிடலாம். என் கத்தரிச் செடிகள் ஆறு மாதத்துக்கு ஒரு பூகூட விடாமல் நெடுநெடுவென்று வளர்ந்து நின்றதற்குக் காரணம் இதுதான். உரக்குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தால் அது வெளிச்சத்தைத் தேடுகிறது என்று பொருள். உரம் போட்டால் அது தீராது.

அடுத்தது பை. அளவைப் பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு அங்குலம் என்று எழுதியிருப்பது விரித்து நிறுத்திய பையின் விட்டமா, தட்டையாக மடித்து வைத்த பையின் அகலமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தட்டையாக அளந்த பன்னிரண்டு அங்குலப் பை, மண் நிரப்பியதும் ஏழரை அங்குல விட்டத்துக்குச் சுருங்கிவிடும். தட்டை அகலத்தை 0.64 ஆல் பெருக்கினால் உண்மையான விட்டம் வரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் பதினைந்து அங்குல விட்டமும் அதே உயரமும் கொண்ட பையில் ஒரே ஒரு செடி. மிளகாய்க்கும் வெண்டைக்கும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு போதும், அதிலும் ஒரு செடிதான். கீரைக்கு ஆழம் தேவையில்லை, எட்டு அங்குல ஆழத்தில் அகலமான தொட்டி இருந்தால் நல்லது. மாடியில் வைப்பதாக இருந்தால் எடையையும் கணக்குப் போடுங்கள். பதினைந்து அங்குலப் பையில் பன்னிரண்டு அங்குல உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 35 லிட்டர் கலவை பிடிக்கும். மண் அதிகமுள்ள கலவை நனைந்தால் ஒரு பையே 45 கிலோவைத் தாண்டலாம். அதனால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், அடியில் சுவரோ உத்திரமோ இருக்கிற ஓரங்களில் வரிசையாக வைக்க வேண்டும். தளத்தோடு ஒட்ட வைக்காமல் செங்கல் மேலோ சட்டத்தின் மேலோ தூக்கி வைத்தால் தண்ணீர் வடியும், தளத்திலும் ஈரம் தங்காது.

வடிகால் துளை என்றதும் பலரும் பையின் அடியில் இரண்டு துளை போட்டு, அதன் மேல் ஓட்டுச் சில்லும் கூழாங்கல்லும் பரப்பி, நன்றாக வடியும் என்று நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உண்மையில் நடப்பது வேறு. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கலவையின் அடிப்பகுதி முழுதாக நனைந்து ஊறிய பிறகுதான் கீழே சொட்டும். அதாவது கல் போட்டால், எப்போதும் ஈரமாக நிற்கும் அந்த அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் மேலேறி வந்துவிடுகிறது. கல் வேண்டாம். பையின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், விரல் நுழையும் அளவில் ஆறு முதல் எட்டு துளைகள் போடுங்கள். மண் வெளியே வரும் என்ற கவலை இருந்தால் உள்பக்கம் ஒரு துண்டு நிழல்வலை வைத்தால் போதும்.

இப்போது மண்கலவை. என் ஏழு மாதம் தொலைந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரையில் நன்றாக விளைகிற மண் பையில் விளையாது. தரையில் மண்புழுவும் ஆழமும் பக்கவாட்டு வடிகாலும் உண்டு, பையில் அவை கிடையாது. வெறும் மண்ணை நிரப்பினால் ஒரே மாதத்தில் இறுகிச் செங்கல்லாகிவிடும். எளிய அளவு இதுதான்: ஒரு பங்கு செம்மண் அல்லது தோட்டத்து மேல்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம். பதினைந்து அங்குலப் பை ஒன்றுக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்த்து, எல்லாவற்றையும் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் பத்துப் பதினைந்து நாள் மூடி வைக்க வேண்டும். கலந்த அன்றே விதைக்கக் கூடாது. புண்ணாக்கு மக்கும்போது சூடும் அமோனியாவும் வரும், இளம் வேர் அதைத் தாங்காது. கலவை சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாகப் பிடிபட்டு, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் களிமண் அதிகம். உருண்டையே பிடிபடவில்லை என்றால் நாரோ மணலோ அதிகம்.

தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கட்டியை வாங்கி, ஊறவைத்து, அப்படியே கலந்தேன். நாற்றுகள் இரண்டு இலையோடு மூன்று வாரம் அசையாமல் நின்றன. இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகியது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். தென்னை மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு, நீரில் அலசாமல் கழித்த நாரில் அவை அப்படியே தங்கிவிடுகின்றன. ஐந்து கிலோ கட்டியைப் பெரிய தொட்டியில் போட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். 60 லிட்டருக்கு மேல் உப்பிவரும், அதற்கேற்ற பாத்திரம் வேண்டும். காலையில் துணியிலோ வலையிலோ கொட்டி, வடித்து, பிழிந்து, மறுபடி புதுத் தண்ணீரில் போட வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். வடியும் தண்ணீரின் பழுப்பு நிறம் வெளிறினால் உப்பு போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அந்த நிறம் உப்பால் வருவதல்ல, மட்டையின் துவர்ப்புச் சாயம் அது. குடிநீரில் கரைந்த உப்பைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இருந்தால், ஊற்றும் தண்ணீரையும் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் நெருங்கி வந்தால் அலசியது போதும்.

மக்காத உரம்தான் இரண்டாவது அடி. சாணம் மேலே காய்ந்திருந்தால் மக்கிவிட்டது என்று நம்பக் கூடாது. தண்ணீர் பட்டதும் அது மறுபடி சூடாகத் தொடங்கும். உள்ளே வண்டுப் புழுக்களும் இருக்கும். வெள்ளையாக, தடிமனாக, வளைந்து சுருண்டு கிடக்கும் அந்தப் புழு இளம் வேரைத் தின்றால் செடி ஒரே நாளில் சாய்ந்துவிடும். அரைகுறையாக மக்கிய இலைதழையில் இன்னொரு சிக்கல். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தாங்களே எடுத்துக்கொள்ளும். செடியில் அடியிலை முதலில் மஞ்சளாகும். வாங்கிய உரம் மக்கியதா என்று தெரிந்துகொள்ள ஒரு கைப்பிடியை நனைத்து பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, நிழலில் மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது மழை பெய்த மண்வாசனை வந்தால் தாராளமாகப் போடலாம். புளித்த நெடியோ, மூக்கில் ஏறும் காரமோ வந்தாலும், பை உப்பியிருந்தாலும் இன்னும் ஒரு மாதம் ஈரமாகக் குவித்து வைத்து, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள்.

விதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய விதை என்றால் பத்து விதையை ஈரமான காகிதக் கைக்குட்டையில் மடித்து ஒரு டப்பாவில் வைத்துப் பாருங்கள். ஆறுக்குக் கீழே முளைத்தால் அந்தப் பொட்டலத்தை நம்ப வேண்டாம். வெங்காய விதை ஓராண்டிலேயே வீரியம் இழக்கும், தக்காளி விதை மூன்று நான்கு ஆண்டு தாங்கும். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண்தூவல் போட்டாலே முளைக்கும். வெண்டையும் அவரையும் கொடிகளும் நேரடியாகப் பையில். தக்காளி, கத்தரி, மிளகாய் மட்டும் குழித்தட்டில் நாற்று விட்டு நட வேண்டும். தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும், மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் கிண்டிப் பார்க்காதீர்கள். முளைத்த நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் நூல் போலச் சுருங்கி மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல், பூஞ்சை வேலை. அதிக ஈரமும் காற்றோட்டமின்மையும்தான் காரணம். குழித்தட்டின் மேல் மூடிய கண்ணாடித் தாளை முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். நான் நான்கு நாள் கூடுதலாக விட்டு வைத்தேன், ஒரு தட்டு முழுவதும் போயிற்று.

இனி தண்ணீர். காலையும் மாலையும் ஊற்ற வேண்டும் என்று ஒரு விதி உலவுகிறது. அது எத்தனை செடிகளைக் கொன்றிருக்கும் என்று நினைத்தாலே மனம் ஆறவில்லை. என் தக்காளிச் செடிகள் வாடின. தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றினேன். இன்னும் வாடின. மேலும் ஊற்றினேன். ஐந்தாவது செடி செத்த பிறகுதான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக இருப்பதற்குப் பதில் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தபோது மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. அழுகிய முட்டை நாற்றம். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். ஓயாமல் நனைந்த கலவையில் காற்று இருக்காது, வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடுகிறது, மேலிருந்து பார்ப்பவருக்கு அது தாகத்தில் வாடுவது போலவே தெரிகிறது. அத்தனை நாளும் இலையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நோய் கீழே இருந்தது தெரியவில்லை.

ஆகவே செடி வாடினால் பூவாளியைத் தேடும் முன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விடுங்கள். விரல் நுனிக்கு ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் பையின் அடித்துளையில் சொட்டும் வரை மெதுவாக ஊற்றிவிட்டு, அடுத்து உலரும் வரை விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேரும் மேலேயே நின்றுவிடும். நேரத்தையும் கவனிக்க வேண்டும். உச்சி வெயிலில் இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது இயல்பு. விடியற்காலையிலேயே தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஈரமான மண்ணில் வாடிய செடியைக் காப்பாற்ற ஒரே வழி, பையை நிழலுக்கு நகர்த்தி, பக்கவாட்டில் இன்னும் சில துளை போட்டு, மூன்று நான்கு நாள் தண்ணீரை நிறுத்துவது. பாதிச் செடிதான் பிழைக்கும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. நார்க்கழிவு ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியதெல்லாம் பையின் ஓரமாக வழிந்து அடியில் கொட்டும், நடுவில் வேர்க்கட்டி காய்ந்தே கிடக்கும். அப்போது பத்து நிமிட இடைவெளியில் கால் லிட்டர் கால் லிட்டராக நான்கைந்து முறை ஊற்ற வேண்டும். காய்ந்த சருகை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

நாற்று நடுவதில் கவனிக்க வேண்டியவை சில. தக்காளி 25 முதல் 30 நாளில், மிளகாயும் கத்தரியும் 35 முதல் 40 நாளில். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம், முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெயிலுக்குப் பழக்க வேண்டும். நட வேண்டியது மாலையில். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும், அதனால் முதல் இலை வரை புதைக்கலாம். மற்றவற்றைக் குழித்தட்டில் இருந்த அதே ஆழத்தில்தான் நட வேண்டும். தாங்குகுச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

பூச்சி வந்ததும் எல்லோரும் செய்வது போல நானும் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி அடித்தேன். முதலில் எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும். மிளகாய் இலை சுருண்டால், படகு போல மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறதா, கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கியா என்று பாருங்கள். மேல்நோக்கி என்றால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். வேப்பெண்ணெய்க் கரைசல் இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்துவிட்டு, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால்தான் பால்போலக் கலங்கி வரும். தண்ணீரில் நேரடியாக எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும், அது இலையில் பட்ட இடம் கருகும். மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் அடியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும். என் ஆறு மிளகாய்ச் செடிகள் பூச்சியால் சாகவில்லை, இந்தத் தவறால்தான் செத்தன. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்து கிடையாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அன்றே பிடுங்கிவிட வேண்டும். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ எங்கோ இருக்கிறது, கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள்.

பூ உதிர்ந்தால் உடனே மருந்தைத் தேட வேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் வெக்கையாகவே இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் பயனற்றுப் போகும், பூ உதிரும். 50 சதவீத நிழல்வலை கட்டி, வெக்கை தணியக் காத்திருப்பதுதான் வழி. கொடிகளில் முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டுமே பூத்து உதிரும், அது இயல்பு. பூவுக்குக் கீழே குட்டிக்காய் இருந்தால் பெண்பூ. வண்டு வராத மாடியில் ஆண்பூவைப் பறித்து நீங்களே தொட்டுவிட வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில், பீர்க்குக்கும் சுரைக்கும் மாலையில் பூ விரியும்போது. தக்காளிக் காயின் அடியில் கறுப்பாக அமுங்கிய வட்டம் வந்தால் அது நோயல்ல. சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால்தான் அது ஏறாமல் நிற்கும். இதற்கும் விடை மண்ணின் ஈரத்தில்தான்.

உரம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பை ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டுக் கிளறிவிட்டால் போதும். செடி கரும்பச்சையாகக் கொழுத்து, பூக்காமல் நின்றால் தழைச்சத்து கூடிவிட்டது, ஒரு மாதம் எதுவும் போடாதீர்கள்.

இரண்டாம் முறை ஐந்தே பையில் தொடங்கினேன். கீரை ஒன்று, வெண்டை இரண்டு, மிளகாய் ஒன்று, கத்தரி ஒன்று. கீரை 25 முதல் 30 நாளில் கைக்கு வரும், அந்தத் தெம்பில் மற்றவற்றுக்குக் காத்திருக்க முடியும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். தக்காளியை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டேன். குடமிளகாய், காலிஃபிளவர், கேரட் எல்லாம் முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். ஐந்து பை என்றால் ஒவ்வொன்றிலும் தினமும் விரலை விட்டுப் பார்க்க நேரம் இருக்கும், முப்பதில் இருக்காது. எந்தப் பையில் எந்தத் தேதியில் விதைத்தது, என்ன போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

காய்ப்பு முடிந்த வெண்டைச் செடியை அப்படியே வெட்டிப் போட்டுவிட்டு அதே பையில் அடுத்த விதையை ஊன்றாதீர்கள். செடியை வேரோடு எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாகப் படர்ந்து பை நிறையச் சுற்றியிருந்தால் அந்தக் கலவையில் கால் பங்கு புது மக்கு உரம் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். வேர் முழுவதும் மணிமணியாக வீங்கிய முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் நுண்ணிய புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்துவிடுகிற சிறு உருண்டைகள் நல்லவை, காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுப்பவை. சுரண்டினாலும் பிரியாமல் வேரே தடித்திருந்தால்தான் நூற்புழு. அப்படிப்பட்ட கலவையை பாலிதீன் தாளில் ஆறு அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, நனைத்து, மேலே கண்ணாடித் தாளால் இறுக மூடி, கடும் வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். அதன்பிறகும் அந்தப் பையில் வெண்டை, தக்காளி, கத்தரி மூன்றையும் ஒரு சுற்று தவிர்த்து, செண்டுமல்லி நடுங்கள்.